லேட்டரைட்: செங்கல் பெயர் வாங்கிய கல்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கிணறோ அடித்தளமோ தோண்டும்போது, துருப்பிடித்த இரும்பைப் போல, உள்ளே புழு அரித்தது போன்ற துளைகளோடு ஒரு கல் வரும். அதைப் படம் பிடித்து "எரிமலைக் கல்லா, விண்கல்லா?" என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டும் இல்லை. அது லேட்டரைட்.

பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டான 1800இல், கிழக்கிந்திய கம்பெனி அனுப்பி, சென்னையிலிருந்து மைசூர், கன்னடக் கரை, மலபார் என்று நாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். அந்தப் பயண நூல் 1807இல் அச்சாயிற்று. இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் ஒரு கல்லைப் பற்றி அவர் குறித்தது இது: மண்ணுக்குள் இருக்கும்வரை மென்மை, இரும்புக் கருவியால் எளிதாக வெட்டலாம், வெட்டி வெளியே வைத்தால் செங்கல் போல இறுகும், காற்றையும் மழையையும் செங்கல்லைவிட நன்றாகத் தாங்கும். உள்ளூர் மொழிகளில் இதை 'இட்டிகைக் கல்' என்ற பொருளில் அழைக்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். இட்டிகை என்றால் செங்கல். லத்தீனில் செங்கல்லுக்கு 'லேட்டர்'. அதோடு, கல், கனிமப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஐட்' சேர்ந்து லேட்டரைட். நம் பக்கத்துப் பேச்சுப் பெயரையே அவர் லத்தீனில் சொல்லியிருக்கிறார் என்பது என் கருத்து.

'பக்கவாட்டு' என்று பொருள்படும் 'லேட்டரல்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுவது தவறு. லத்தீனில் செங்கல்லுக்கும் விலாப்பக்கத்துக்கும் வேற்றுமை ஏற்ற வடிவம் எழுத்தில் ஒன்றாகவே இருக்கும்; குழப்பம் அங்கிருந்து வருகிறது.

இன்னொரு குழப்பம் நமக்கு மட்டுமே உரியது. தமிழில் செங்கல் என்றால் சூளையில் சுட்டது. கண்ணூர், காசர்கோடு பக்கம் 'செங்கல்லு' என்றால் லேட்டரைட். சுட்ட கல்லுக்கு அவர்கள் 'இஷ்டிக' என்பார்கள். வெட்டி எடுப்பதால் 'வெட்டுகல்லு' என்றும் பெயர். அங்கே கல் வாங்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. துளு நாட்டில் 'முரக்கல்லு', இலங்கையில் 'கபுக்'.

கல் உருவாகும் விதத்தைப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். வெப்பமான நாட்டில் மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி நெடுங்காலம் வரும்போது, நீர் பாறைக்குள் இறங்கி சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. சிலிக்காவிலும் பெரும்பகுதி போய்விடும். எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் தங்கிவிடுகின்றன. அலுமினியம் மிகுந்தால் அது பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. ஏற்காட்டில் கிடைப்பது அதுதான். ஆகவே லேட்டரைட் என்பது மூலப்பாறையின் பெயர் அல்ல, ஒரு பாறை சிதைந்து முடிந்த நிலையின் பெயர். கருங்கல்லும் அப்படி ஆகும், எரிமலைப் பாறையும் ஆகும். மேலிருந்து வெட்டிக்கொண்டே போனால் முதலில் கடினமான ஓடு, அடுத்து சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த புள்ளிப் படலம், அதற்கும் கீழே வெளிறிய களி, கடைசியில் பாதி சிதைந்த மூலப்பாறை.

வெட்டியபின் இறுகுவது ஈரம் காய்வதால் மட்டும் என்று நினைக்கக் கூடாது. இரும்பு ஹைட்ராக்சைடுகள் நீரை இழந்து படிகமாகி, களித்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. திரும்ப நனைத்தாலும் பழைய மென்மை வராது. அதனால்தான் வெட்டிய கல்லை மூன்று மாதம் வெளியில் அடுக்கி ஆறப்போடச் சொல்வார்கள். இந்தியத் தர அளவுகளில் ஒன்று 390 மி.மீ. நீளம், 190 மி.மீ. அகலம், 190 மி.மீ. உயரம்; அழுத்த வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. கட்டும் முன் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காமல் உதிரும். சுவர் அதிகம் கெடுவது வேறொரு காரணத்தால்: கல்லின் துளைகளில் வெள்ளைக் களி அடைந்திருக்கும். புள்ளிப் படலத்திலிருந்து வெட்டிய கல்லில் இது மிகுதி. நான்கைந்து மழையில் களி கரைந்து, சுவரில் விரல் நுழையும் பொந்துகள் விழும். வாங்கும்போதே வெள்ளை நரம்பு ஓடும் கல்லை ஒதுக்குங்கள். மேல் ஓட்டுக்குக் கீழேயுள்ள களி நிலத்தடி நீரில் அரித்துக் குழாயாகப் போவதும் உண்டு. வட கேரளத்தில் மேலே கெட்டியான தரை, கீழே சுரங்கம் என்று திடீரென உள்வாங்குவது இப்படித்தான்.

கையில் இருப்பது லேட்டரைட்டா என்று பார்க்க மூன்று சோதனை போதும். தரையில் பதிக்கும் பீங்கான் ஓட்டின் (டைல்) மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்தால் மஞ்சள் கலந்த பழுப்போ செம்பழுப்போ கோடு விழும். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். செம்மண் கட்டி குழம்பாகிவிடும், லேட்டரைட் அப்படியே நிற்கும். வினிகர் விட்டால் நுரைக்காது. நுரைத்தால் அது சுண்ணாம்பு நிறைந்த சுக்கான்கல். காந்தம் சில நேரம் லேசாக இழுக்கும், அதை வைத்து விண்கல் என்று முடிவு கட்டாதீர்கள். விண்கல்லில் இப்படித் துளைக் குழாய்கள் இருக்காது.

தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் பாடநூல்கள் 'சரளை மண்' என்கின்றன. உதிரியான சிறு உருண்டைகளுக்கு அது பொருந்தும், வெட்டி எடுக்கும் பாறைக்குப் பொருந்தாது. சாலைக்குக் கொட்டும் எந்தக் கிராவலையும் சரளை என்றுதான் சொல்கிறோம். 'செம்மண்' என்பது தெளிவான பிழை. சிவப்பாக இருப்பதெல்லாம் இந்த அளவுக்குச் சிதைந்தது அல்ல. 'துருக்கல்' நல்ல சொல், உள்ளே இருப்பதைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் பேச்சில் அரிது. புதுக்கோட்டைத் தொல்லியல் செய்திகளில் அடிக்கடி வரும் 'செம்புராங்கல்' தான் என் தேர்வு. செம்பூராங்கல், செம்பறாங்கல் என்றும் எழுதுகிறார்கள். ஒரே கட்டுரைக்குள் ஒன்றையே பயன்படுத்தினால் போதும்.

மண்ணியலார் இறுகாத, வெட்ட வரும் நிலையை மட்டும் 'பிளிந்தைட்' என்று பிரித்துச் சொல்வார்கள். கிரேக்கத்தில் 'பிளிந்தோஸ்' என்றாலும் செங்கல்தான். இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் ஆக்க வேண்டாம். சூளை வைக்காத செங்கல்லை நம் ஊரில் பச்சைக்கல் என்கிறோம். அதே வழியில் இதைப் பச்சைச் செம்புராங்கல் எனலாம்.