பூவேலைக் கண்ணாடிக் கம்பி இழுக்கத் தொடங்குவோர் கவனத்திற்கு

டார்ச் சுடரில் கண்ணாடி மணி செய்யப் பழகியவர்கள் அடுத்ததாகக் கேட்கும் பாடம், குறுக்கே வெட்டினால் பூ தெரியும் கம்பியை இழுப்பது எப்படி என்பதுதான். வெனிஸ் நகரையடுத்த முரானோ தீவின் கைவினைஞர்கள் முர்ரினே என்றும், பூக்கள் செறிந்த வேலைப்பாட்டை மில்லெஃபியோரி என்றும் அழைக்கும் இந்தக் கலையைக் கற்பிக்கும்போது நான் முதலில் பேசுவது வடிவத்தைப் பற்றியல்ல, எடையைப் பற்றியே. 12 மி.மீ. விட்டமுள்ள மணியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம் கண்ணாடி, கம்பியாக இழுப்பதற்கென முதலில் திரட்டும் 20 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் கொண்ட உருளையிலோ சுமார் 40 கிராம் இருக்கிறது. மணிக்குப் போதுமானதாக இருந்த சூடேற்றும் வழக்கமும் கண் பாதுகாப்பும் காற்றோட்டமும் இங்கே போதாமல் போவது இதனால்தான்.

செய்முறையைச் சொல்வது எளிது. ஒரு கம்பியின் நுனியில் நடு நிறத்தைத் திரட்டி, இன்னொரு நிறத்தைப் போர்த்தி, இதழ்களுக்கான கோடுகளை நீளவாக்கில் வைத்து, கிராஃபைட் தட்டில் உருட்டி, மறுமுனையில் ஒரு பிடிகம்பியை ஒட்டி இழுக்க வேண்டும். 20 மி.மீ. உருளை 5 மி.மீ. ஆக மெலியும்போது அதன் நீளம் 16 மடங்காகிறது. பூ சிறுத்தாலும் வடிவம் கெடுவதில்லை, வெப்பம் உள்ளும் புறமும் சீராக இருந்தால். மேற்பரப்பு ஒளிர்வதைக் கண்டு உட்பகுதியும் இளகிவிட்டது என நம்பி இழுத்தால், வெளித்தோல் மட்டும் நழுவி நடுப்பகுதி தடித்து நிற்கும். ஆகவே, உருளை முழுவதும் தளர்ந்து தொங்கத் தொடங்கும்வரை சுழற்றிக்கொண்டே சூடேற்றி, சுடரைவிட்டு வெளியே எடுத்து, மேல்தோல் சற்று இறுகச் சில நொடிகள் பொறுத்து, முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் இழுக்கிறோம். பாகின் கம்பிப் பதம் அறிந்தவர்கள் இந்தப் பொறுமையை எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். இழுத்த பின்னரும் கம்பி இறுகும்வரை இரு முனைகளையும் விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் நடுவில் தொய்ந்துவிடும்.

நிறத்தேர்வில், ஒளி ஊடுருவும் நிறங்கள் மெலிந்தால் வெளிறிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எஃபெத்ரே என்ற இத்தாலியத் தயாரிப்புக் கண்ணாடியின் கருப்புகூட மிக மெல்லியதாக இழுத்தால் ஊதாவாகத் தெரியும்.

அதைவிட முக்கியம், சேர்க்கும் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று பொருந்துவது. எஃபெத்ரே மென்கண்ணாடியின் விரிவுக்கெழு 104. அதாவது, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நீளம் கோடியில் 104 பங்கு கூடும். புல்ஸ்ஐ என்ற அமெரிக்கத் தயாரிப்புக் கண்ணாடிக்கு இது 90, போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கடினக் கண்ணாடிக்கு 33. இவற்றைக் கலந்து செய்த கம்பி ஆறும்போதே வெடிக்கலாம். வெடிக்காமல் உள்ளழுத்தத்தைச் சுமந்தபடி மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். எண் ஒன்றாக இருந்தாலே போதும் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை, ஏனெனில் இளகும் தன்மையும் ஒத்துவர வேண்டும். ஐயமுள்ள இரு நிறங்களை ஒட்டி, சூளையில் முறையாக ஆற்றி, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கிடையே பார்த்தால், இணைப்பின் ஓரத்தில் ஒளிக்கீற்று தோன்றுவது அழுத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுடர் வேலையில் அணியும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி, சூடான கண்ணாடியிலுள்ள சோடியம் 589 நானோமீட்டர் அருகில் வெளிவிடும் மஞ்சள் ஒளியைத் தடுத்து வேலையைத் தெளிவாகக் காட்டுகிறது. அகச்சிவப்புக் கதிரை அது போதிய அளவு தடுப்பதில்லை. இக்கதிரால் கண்ணாடி ஊதுவோருக்கு வரும் கண்புரை மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டது. பெரிய உருளையை நெடுநேரம் உற்றுப் பார்ப்பவர்கள் அகச்சிவப்பையும் வடிகட்டும் மூக்குக்கண்ணாடியை அணிய வேண்டும். சுடர் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சன்னலைத் திறந்து வைப்பதால் மட்டும் நீங்கிவிடா. சுடருக்கு அருகிலேயே இழுத்து வெளியேற்றும் விசிறியும், புதுக்காற்று உள்ளே வர வழியும் வேண்டும். தீக்காயம் பெரும்பாலும் இழுத்து முடித்த பிறகே நேர்கிறது: மெலிந்த நடுப்பகுதி தொடக்கூடிய அளவு ஆறியிருக்கும்போது, இரு முனைகளிலும் உள்ள தடித்த கட்டிகள் ஒளிராமலே கடும் சூட்டில் இருக்கும்.

வெட்டும்போது கண்கவசம் அணிந்து, துண்டுகள் தெறிக்காதபடி ஒரு பைக்குள் வைத்து நறுக்குங்கள். அந்தத் துண்டுகளைப் பதித்த மணியைச் சூளையில் சுமார் 500 முதல் 520 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்துப் பின்னர் மெதுவாக ஆற்ற வேண்டும். வெர்மிகுலைட் என்ற வெப்பங்காப்புக் கனிமத் துகள்களில் புதைத்து வைப்பது குளிர்வதைத் தாமதப்படுத்துமே தவிர உள்ளழுத்தத்தை முழுமையாக நீக்காது. அவ்வாறு ஆற்றிய மணி வாரங்கள் கழித்தும் விரிசல் விடக்கூடும் என்பதால், சூளை ஏறாத மணியை நகையாகக் கோத்து விற்கக் கூடாது.