மானுக்குச் சோளம் கொட்டாதீர்கள், நிலத்தைப் படியுங்கள்

மிச்சிகன் மாநிலத்தில் காட்டுயிர் நோய்களைக் கவனிக்கும் கால்நடை மருத்துவராக நான் பணிபுரிகிறேன். பனிக்காலம் முடியும் மாதங்களில் எங்கள் உடற்கூறாய்வு மேசைக்கு வரும் வெள்ளைவால் மான்களில் சிலவற்றின் சாவுக்கான காரணம், வயிற்றைத் திறந்த உடனேயே தெரிந்துவிடுகிறது. அண்மையில் வந்தது ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குட்டி. சிறுநீரகத்தைச் சுற்றிப் போதுமான கொழுப்பு இருந்தது. பட்டினி கிடந்த அடையாளம் எதுவுமில்லை. முதல் இரைப்பையான ரூமனைக் கீறியதும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே சாம்பல் நிறக் கூழில் மக்காச்சோள மணிகள் முழுதுமுழுதாகக் கிடந்தன. உட்சுவரின் சவ்வு விரல் பட்ட இடமெல்லாம் உரிந்து வந்தது. செத்து நேரமான விலங்கிலும் சவ்வு உரியும் என்பதால் அதை மட்டும் வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. அமிலத்தன்மையைச் சோதிக்கும் தாளையும் வைத்துப் பார்த்தோம். அது 5-க்கும் கீழே காட்டியது; இந்த எண் இறங்க இறங்க அமிலம் மிகுதி என்று பொருள்.

மானைக் கொண்டுவந்தவர் நல்ல மனிதர். நவம்பர் வேட்டைக்கு இரையாகப் போட வாங்கி மிஞ்சியிருந்த மூட்டைச் சோளத்தை, பிப்ரவரியின் கடும்பனியில் மான்கள் மெலிவதைக் கண்டு மனம் பொறுக்காமல் ஒரே நாளில் கொட்டியிருக்கிறார். குளிர் தாங்காமல்தான் அது செத்தது என்று அவர் இன்னமும் நம்புகிறார். இதே நம்பிக்கையோடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவர்களில் நம்மவர்களும் இப்போது சேர்ந்துவருவதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ட்ராய், நோவை, கேன்டன் போன்ற ஊர்களில் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வரும் மானுக்கு மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகத் தொடங்கிய இளைஞர்களும் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேட்டையே கூடாது என்பது என் வாதமன்று. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்றாலே குற்றமாகத்தான் தோன்றும். இங்கே நிலைமை வேறு. ஓநாய்க் கூட்டங்கள் இல்லாமற்போன, மாநிலத்தின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நோய் ஆய்வுக்கான மாதிரிகளில் பெரும்பகுதியும் அவர்கள் தரும் மான் தலைகளிலிருந்தே கிடைக்கிறது. சோளம், கேரட், சர்க்கரை பீட்ரூட், ஆப்பிள் ஆகியவற்றைக் குவித்துவைத்து, அந்தக் குவியலை நோக்கித் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

‘வயிறு நிறைந்த மான் எப்படிச் சாகும்?’ என்ற கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மான் தன் உணவைத் தானே செரிப்பதில்லை. ரூமனில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதற்காகச் செரிக்கின்றன. பனிக்காலத்தில் மான் தின்பது சுள்ளி, மொட்டு, பட்டை, வடபகுதிகளில் வெள்ளை சீடார் இலை. அந்த நார்ச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களே அப்போது அதன் வயிற்றில் மிகுந்திருக்கும். மாவுச்சத்து நிறைந்த உணவுக்கு அந்த நுண்ணுயிர்க் கூட்டம் மாறிக்கொள்ள இரண்டு மூன்று வாரங்களாவது ஆகும். அதற்குள் ஒரே வேளையில் வயிறு கொள்ளும் மட்டும் சோளத்தைத் தின்றால், மாவுச்சத்து வேகமாக நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. ரூமன் புளிக்கிறது, உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது. ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் மான் சாய்ந்துவிடுகிறது. மாட்டுப் பொங்கலன்று பாசத்தோடு அளவுக்கு மீறிப் பொங்கலை ஊட்டிவிட்டு, மறுநாள் வயிறு உப்பிய மாட்டைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு வருவார்களே, அதே நோய்தான் இது. ஊர் மாட்டுக்கு மருத்துவர் உண்டு. காட்டு மான் பனியில் படுத்துச் சாகும்.

கடும்பனியில் மான் மெலிவது இயல்பு. இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கரைத்து, நடமாட்டத்தையும் தீனியையும் குறைத்துக்கொண்டு, எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தும் வசந்தத்தை எட்டக்கூடிய உடலமைப்பு அதற்கு உண்டு. ‘கொஞ்சந்தான் போட்டேன்’ என்ற சமாதானமும் செல்லாது. மான்கள் பந்தி பிரித்துச் சாப்பிடுவதில்லை. வலியது மற்றவற்றை விரட்டிவிட்டு முழுவதையும் தின்னும், குட்டிகள் ஓரமாக நின்று கால்பட்ட மிச்சத்தைப் பொறுக்கும்.

ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் எச்சில் வழியே நோய் பரவும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அது இந்த மாநிலத்தில் என்ன செய்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். 1994-இல் அல்பினா கவுண்டியில் வேட்டையாடப்பட்ட ஒரு மானில் மாட்டுக் காசநோய் கண்டறியப்பட்டது. ஆண்டுக்கணக்காக மான்களுக்குத் தீனி குவித்துவந்த அந்த வடகிழக்குப் பகுதியில் நோய் நிலைகொண்டுவிட்டது. அங்கிருந்து பண்ணை மாடுகளுக்கும் தாவியது, இன்றுவரை முற்றாக ஒழியவில்லை. 2015-இல் லான்சிங் நகரை ஒட்டிய மெரிடியன் டவுன்ஷிப்பில், இம்மாநிலக் காட்டு மான்களில் நாட்பட்ட நலிவு நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையைச் சல்லடையாக்கும் இந்நோய்க்குக் காரணம் பிரியான் என்னும் உருத்திரிந்த புரதம். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, சிகிச்சையும் இல்லை. எச்சில், சிறுநீர், சாணம் வழியே வெளியேறும் பிரியான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், சமைத்தாலும் அழியாது. நோய் தொற்றிய மான் ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ எவ்வித அறிகுறியுமின்றி உங்கள் குவியலுக்கு வந்துபோகும். இதனால்தான் 2019 ஜனவரி 31 முதல் கீழ்த் தீபகற்பம் முழுவதிலும், வரையறுக்கப்பட்ட சில விலக்குகள் தவிர, இரை போட்டு மான் வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும் இலையுதிர்காலம் வந்தால் சாலையோரக் கடைகளில் ‘மான் கேரட்’ மூட்டை விற்கிறது. விற்கிறார்கள் என்பதாலேயே சட்டம் அனுமதிக்கிறது என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

‘இரை இல்லாமல் மான் எப்படிக் கிடைக்கும்?’ என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் பேச விரும்புவது நிலத்தைப் பற்றித்தான். குவியல் இருக்கும் இடத்தில் மான் அதன் அருகிலேயே படுத்துக்கொண்டு, ஆள் வாடை தெரியத் தெரிய, இருட்டிய பிறகே வந்து தின்னப் பழகிவிடுகிறது. சட்டப்படி சுடக்கூடிய பகல் நேரத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வெறும் சோளத்தை. பத்து ஆண்டுகள் இரைமேல் வேட்டையாடியவருக்குத் தன் குவியலைத் தவிர அந்தக் காட்டில் வேறெதுவும் தெரியாமலிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பத்து ஆண்டுகளை நினைத்து எனக்கு உண்மையாகவே வருத்தமாயிருக்கிறது.

நிலத்தைப் படிக்க ஏற்ற காலம் வேட்டைப் பருவமன்று, மார்ச் மாதம். பனி கரையத் தொடங்கும்போது குளிர்காலம் முழுவதும் மான் நடந்த தடம் தரையில் பள்ளமாகத் தெரியும். அதைப் பின்தொடர்ந்தால் ஒரு முனையில் படுக்கையும் மறுமுனையில் மேய்ச்சலும் இருக்கும். படுக்கை பெரும்பாலும் மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, முதுகுப்புறமிருந்து காற்று வாடையைக் கொண்டுவரவும் முன்னே பள்ளத்தைக் கண்ணால் பார்க்கவும் வாய்ப்பான இடத்தில் அமையும். மேய்ந்த சுள்ளியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம்மூர் ஆடுமாடுகளைப் போலவே மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அதனால் அது கடித்த நுனி பிய்ந்து நாராக நிற்கும். முயல் கடித்ததோ கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே, எந்தப் புதரை மான் உண்மையில் நம்பியிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

செப்டம்பரில் ஓக் மரங்களை அண்ணாந்து பாருங்கள். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு. அது உதிரத் தொடங்கினால் மான் மற்றவற்றை விட்டுவிட்டு அங்கே வரும். சிவப்பு ஓக்கின் கொட்டை முதிர இரண்டு பருவங்கள் பிடிக்கும், துவர்ப்பும் அதிகம். வெள்ளை ஓக்கின் கொட்டை தீர்ந்த பிறகு அதன் முறை வரும். எல்லா மரமும் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை என்பதால், சென்ற ஆண்டு உட்கார்ந்த இடத்திலேயே இந்த ஆண்டும் உட்காருவது சோம்பலே தவிர அனுபவமன்று. அக்டோபரில் ஆண் மான்கள் கொம்பை உரசிப் பட்டை உரித்த மரங்களையும், தாழ்ந்த கிளைக்கடியில் குளம்பால் மண்ணைக் கீறிய இடங்களையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கவனியுங்கள்: காலையில் நிலம் சூடாகச் சூடாகக் காற்று சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். இதை அறியாதவர் எவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய வாடை அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும்.

சில நடைமுறைகளைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மிஞ்சிய சோளத்தைக் காட்டிலோ கொல்லையிலோ கொட்டாதீர்கள். பூஞ்சை பிடிக்காததாக இருந்தால் கோழி வளர்ப்பவருக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் குப்பைக்கு அனுப்புங்கள். ஈரம்பட்ட சோளத்தில் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் காட்டு வான்கோழிகளுக்கும் நஞ்சு. உப்புக்கட்டியும் தாதுக்கட்டியும் இரைதான், அவையும் வேண்டாம். பறவைகளுக்குத் தீனி வைக்கும் தட்டை மான் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பத்தில் வேட்டைப் பருவத்தில் அளவு வரம்போடு இரைக்கு அனுமதி உண்டு என்றாலும், நோய்க்கு அந்த வரம்பு தெரியாது. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே காட்டுக்குள் கால் வையுங்கள்.

மானை அறுக்கும்போது கையுறை அணியுங்கள், முதுகெலும்பையும் மண்டையையும் ரம்பத்தால் அறுக்காதீர்கள். விலாவின் உட்புறத்திலோ நுரையீரலிலோ மஞ்சள் அல்லது பழுப்பு நிறக் கட்டிகள் தெரிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாநில இயற்கை வளத் துறையைத் தொலைபேசியில் அழையுங்கள். நலிவு நோய் உள்ள பகுதியில் கிடைத்த மானாக இருந்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உறையவைத்துக் காத்திருங்கள். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. ஆயினும் நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கும் நீங்கள் அதை மீற வேண்டிய அவசியம் என்ன?

சொந்தமாகக் காட்டு நிலம் வைத்திருந்து, பனிக்காலத்தில் மான்களுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மனம் தவிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் பகுதி வனவியலாளரைக் கலந்துகொண்டு, எந்தெந்த ஆஸ்பென், செம்மேப்பிள் மரங்களை எடுக்கலாம் என்று குறித்துவாங்கி, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வெட்டிச் சாயுங்கள். உச்சிக் கிளைகளை அகற்றாமல் பல இடங்களில் பரவலாக விட்டுவிடுங்கள். எட்டாத உயரத்திலிருந்த மொட்டும் சுள்ளியும் தரைக்கு வந்துவிடும். அவை மானின் வயிறு அந்த மாதங்களில் செரிக்கக்கூடிய உணவு. வெட்டிய இடத்தில் வெயில் விழுந்து அடுத்த கோடையிலேயே தளிர்கள் கிளம்பும், அடுத்த சில குளிர்காலங்களுக்கு மேய்ச்சலும் இருக்கும்.