கணக்கொப்புவித்தல்

அரசிடம் மானியம் வாங்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் 'அக்கவுண்டபிலிட்டி' வந்துவிடும். தமிழில் 'பொறுப்புடைமை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அந்தச் சொல் பொருந்தும். கேட்க ஆள் வேண்டியதில்லை. அக்கவுண்டபிலிட்டியிலோ எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பணம் அவருடையது, கேட்கும் உரிமையும் அவருடையது.

ஆங்கிலச் சொல்லின் வேர், எண்ணுவதைக் குறிக்கும் இலத்தீன் 'கம்ப்யூட்டாரே' (கம்ப்யூட்டரும் இதே வீட்டுப் பிள்ளைதான்). பழைய பிரெஞ்சு வழியாக வந்த 'அக்கவுண்ட்', வரவு செலவையும் குறித்தது. நடந்ததை எடுத்துரைப்பதையும் குறித்தது. ஈழத்து இதழ்கள் எழுதும் 'பொறுப்புக்கூறல்' இந்த இரண்டாம் பொருளைப் பிடித்துவிட்டது. நல்ல சொல். ஆனால் போர்க்கால மீறல்கள் பற்றிய செய்திகளிலேயே புழங்கிப் புழங்கி அந்தக் கனம் அதில் ஏறிவிட்டது. தையல் வகுப்புக்கு வாங்கிய பணத்துக்கு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

'கணக்குக் காட்டுதல்' இருக்கிறதே என்பீர்கள். பழைய வழக்குதான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஊர்ச்சபையின் வாரியத்தில் (குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. இன்று அந்த வழக்கு கெட்டுவிட்டது. '30 பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்ததாகக் கணக்குக் காட்டினார்கள்' என்றால் வந்தது 12 பேர் என்றே காதில் விழுகிறது. வருகைப் பதிவேட்டில் ஒரே கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள், சாப்பாட்டு ரசீதில் தேதி இல்லை. மானியம் கொடுத்த துறைக்குப் போகும் பயன்பாட்டுச் சான்றிதழில் இதெல்லாம் தெரியாது. வந்த தொகை, செலவான தொகை, மீதி. கூட்டல் சரியாக இருக்கும்.

அதனால்தான் 'கணக்கொப்புவித்தல்' என்கிறேன். தமிழ் விவிலியத்தில், லூக்கா 16ஆம் அதிகாரத்தில், எசமான் தன் உக்கிராணக்காரனிடம் கேட்பது இதைத்தான். பிறர் பொருளைப் பார்த்துக்கொள்பவன் அவன். ஒப்புவித்தல் என்றால் உரியவர் கையில் கொடுப்பது; பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதும் அதுவே. தொகையும் நடந்த கதையும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன.

யாரிடம் ஒப்புவிப்பது? 2019 செப்டம்பர் 17 அன்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசிடம் கணிசமான நிதி பெறும் அரசு சாரா அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்றது. நகரத்தில் இலவசமாகக் கிடைத்த நிலம்கூட அந்த நிதியில் சேரலாம். ஆகவே அதிகாரியிடம் மட்டுமல்ல, 10 ரூபாய் கட்டி மனுப் போடும் எவரிடமும் ஒப்புவிக்க வேண்டும். அந்தத் தையல் வகுப்புக்கு வராத பெண்ணும் போடலாம், பதிவேட்டில் தன் பெயர் எப்படி வந்தது என்று.