உதவிப் பயிற்சியாளர் போய்விட்டால் அந்த ஆஃபர் யாருடையது?

மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியத் தொடர் சூடுபிடிக்கும்போதே பயிற்சியாளர்களின் இடமாற்றங்களும் தொடங்கிவிடும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் தொலைக்காட்சியில் செய்தி வரும். உதவிப் பயிற்சியாளர் மாறினால் கல்லூரியின் இணையதளத்தில் நான்கு வரி வரும், அவ்வளவுதான். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் கல்வி ஆலோசகராக இருக்கும் எனக்கு வசந்த காலத்தில் வரும் பதற்றமான அழைப்புகளில் பல, அந்த நான்கு வரிச் செய்தியால் வருபவைதான். "எங்கள் பையனை அணியில் எடுத்துக்கொள்வதாக ஆஃபர் சொன்னவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இனி என்ன செய்வது?"

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இப்போது பள்ளி அணிகளில் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கை பற்றி நம் பெற்றோருக்குத் தெரியாதது குறைவு. விளையாட்டு வழியாகக் கல்லூரிக்குள் நுழையும் பாதை மட்டும் பலருக்குப் புதிது. அந்தப் பாதையில் சந்திக்கும் முதல் மனிதர் பெரும்பாலும் ஓர் உதவிப் பயிற்சியாளராக இருப்பதால், அவரே கல்லூரி என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்பதைப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான டிவிஷன் ஒன்றில் ஆடும் கல்லூரியின் ஆண்கள் அணியில் ஒரு தலைமைப் பயிற்சியாளரும் சில உதவிப் பயிற்சியாளர்களும் இருப்பார்கள். நீண்ட காலம் மூன்று உதவியாளர்கள்தான் அனுமதிக்கப்பட்டார்கள். 2023-இல் மேலும் இருவரைச் சேர்த்துக்கொள்ள, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு இடம் கொடுத்தது. வீரர்களைத் தேடும் வேலையின் பெரும்பகுதி இந்த உதவியாளர்களின் தோளில்தான். ஒருவர் சிகாகோ வட்டாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் டெக்சாஸைப் பார்ப்பார், வேறொருவருக்கு ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆட்கள் இருப்பார்கள். ஜூலை மாதத்தில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போன்ற போட்டிகளில், பள்ளி மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கல்லூரிச் சட்டை அணிந்த பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பையன் பள்ளிக்கு வெளியே ஆடும் பயணக் குழுவின் பயிற்சியாளரோடு பேசுவது, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் அவனுக்கே குறுஞ்செய்தி அனுப்புவது, அம்மாவின் பிறந்தநாளை நினைவில் வைத்து வாழ்த்துவது எல்லாம் உதவியாளரின் வேலை. தலைமைப் பயிற்சியாளர் முக்கியமான தருணங்களில் மட்டும் வருவார்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல உதவிப் பயிற்சியாளர்கள் அந்தப் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரன் பேசி முடித்த தரகர் ஊரைவிட்டுப் போனாலும் சம்பந்தம் நிற்க வேண்டுமென்றால், இரு வீட்டாரும் நேரில் பேசியிருக்க வேண்டும் அல்லவா? இங்கேயும் அதே கணக்குதான்.

உதவியாளர்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி இடம் மாறுகிறார்கள்? அவர்களின் வேலை தலைமைப் பயிற்சியாளரின் வேலையோடு கட்டப்பட்டது. அவர் நீக்கப்பட்டால் இவர்களும் வெளியே. அவர் வென்றால் பெரிய கல்லூரிகள் இவர்களை இழுக்கும். தோற்றாலும் வென்றாலும் இடமாற்றம் உண்டு என்பதைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2021-இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டு தலைமைப் பயிற்சியாளர் பிராட் அண்டர்வுட்டின் அணி தேசியத் தொடரில் முதல்நிலைத் தரவரிசையுடன் நுழைந்து, இரண்டாம் சுற்றில் லயோலா சிகாகோவிடம் தோற்றது. அடுத்த சில வாரங்களில் அவருடைய மூன்று உதவியாளர்களுமே போய்விட்டார்கள். ஸ்டீபன் ஜென்ட்ரி கொன்சாகாவுக்கும், ஒர்லாண்டோ அன்டிகுவாவும் ரொனால்ட் கோல்மனும் கென்டக்கிக்கும் போனார்கள். அன்டிகுவா சாதாரண ஆள் அல்லர். டொமினிக்கன் குடியரசின் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஏழடி உயர கோஃபி காக்பர்னையும், போர்ட்டோ ரிக்கோவின் ஆந்த்ரே குர்பெலோவையும் இல்லினாய்க்குக் கொண்டுவந்ததில் அவருடைய பங்கு பெரிது. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் காக்பர்ன் பெயர் கொடுத்தபோது, அவர் பழைய உதவியாளரின் பின்னால் போய்விடுவார் என்ற பேச்சு எழுந்தது.

அவர் போகவில்லை. ஜூலையில் இல்லினாய்க்கே திரும்பினார். 2021-22 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.9 புள்ளிகளும் 10.6 ரீபவுண்டுகளும் எடுத்து, நாட்டின் முதல் ஐந்து வீரர்களுள் ஒருவராகத் தேர்வானார். இல்லினாய் தன் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென்னின் பட்டத்தை விஸ்கான்சினோடு பகிர்ந்துகொண்டது. கூட்டி வந்தவர் போன பிறகும் தங்குவதற்குக் காக்பர்னுக்குக் காரணங்கள் இருந்தன. தலைமைப் பயிற்சியாளர் அவரை மையமாக வைத்துத்தான் ஆட்டத்தை அமைத்திருந்தார். அணியில் அவருடைய இடம் ஓர் உதவியாளரின் தயவில் இல்லை. குர்பெலோ இன்னும் ஓராண்டு இருந்துவிட்டு 2022-இல் செயின்ட் ஜான்ஸுக்கு மாறினார். அன்டிகுவாவோ 2024-இல் இல்லினாய்க்கே திரும்பி வந்தார். ஓர் உதவியாளரின் பின்னால் ஓடுபவர்கள், அவர் எங்கே போய் நிற்பார் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

அதே வசந்தத்தில் கொன்சாகாவிலிருந்து டாமி லாய்ட் கிளம்பினார். சுமார் இருபது ஆண்டுகள் அங்கே தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃப்யூவின் உதவியாளராக இருந்தவர். லித்துவேனியாவின் டொமாண்டாஸ் சபோனிஸ், ஜப்பானின் ரூய் ஹச்சிமுரா எனப் பல நாட்டு வீரர்களை கொன்சாகா இருக்கும் ஸ்போகேன் நகருக்குக் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 2021 ஏப்ரலில் அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளரானார். மாலி நாட்டின் ஓமர் பாலோ அவரோடு அரிசோனாவுக்குப் போனார். கொன்சாகாவின் ஆளெடுப்பு இத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். லாய்ட் கிளம்பிய அதே மாதத்தில், நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களுள் ஒருவரான செட் ஹோம்கிரன் கொன்சாகாவைத் தேர்ந்தெடுத்தார். மார்க் ஃப்யூ அங்கேயேதான் இருந்தார்.

மாறாக, உறவே எல்லாமாக இருந்த நிகழ்வும் உண்டு. 2017-இல் மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேரக் கையெழுத்திட்டிருந்தார். அங்கே அவருடைய அப்பா உதவிப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் லொரென்சோ ரோமார் அவருடைய ஞானத்தந்தை. மார்ச்சில் ரோமார் நீக்கப்பட்டார். மிசௌரியில் புதிதாகப் பொறுப்பேற்ற குவான்சோ மார்ட்டின் அப்பாவை உதவியாளராக எடுத்துக்கொண்டார், மகனும் அங்கே போனார். முதுகு அறுவை சிகிச்சையால் மூன்று ஆட்டங்களில்தான் அவரால் களமிறங்க முடிந்தது என்பது வேறு கதை. இதைச் சொல்லக் காரணம், இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு, "எங்கள் பயிற்சியாளர் போகும் இடத்துக்கு எங்கள் பையனையும் கூப்பிடுவார்" என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போர்ட்டர் அந்த ஆண்டின் முன்னணி வீரர். அவருக்காகக் கல்லூரிகள் வளைந்தன. சராசரி நல்ல ஆட்டக்காரருக்காக எந்தக் கல்லூரியும் வளையாது.

அந்தச் சராசரி நல்ல ஆட்டக்காரரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் பையன் நல்ல கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுசெல்லும் இடத்தில் ஆடுபவன். நடுத்தரமான டிவிஷன் ஒன்று கல்லூரி ஒன்று வாய்மொழியாக ஆஃபர் கொடுத்திருந்தது. பேசியதெல்லாம் ஒரே உதவியாளர். ஏப்ரலில் அவர் வேறு மாநிலத்துக்குப் போனார். கல்லூரியிலிருந்து யாரும் அழைக்கவில்லை. அவசரப்பட்டு அழைத்தால் மரியாதையாக இருக்காது என்று பெற்றோரும் காத்திருந்தார்கள். நம் வளர்ப்பு அப்படி. கடைசியில் நாங்கள் அழைத்தபோது, புதிதாக வந்த உதவியாளர் முன்பு இருந்த இடத்தில் தேடி வைத்திருந்த கார்டு ஒருவரை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை. வாய்மொழி உறுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்பது எல்லோருக்கும் பொதுவான விதி.

புதிதாக வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் யோசிப்பதில்லை. அவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும், அதில் அவர் ஈராண்டாகப் பழகிய பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் பிள்ளைக்காக அறையில் வாதாடியவர் போய்விட்டார். இன்னொரு பிள்ளைக்காக வாதாடுபவர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

2021-இல் வீரர்கள் ஒருமுறை ஓராண்டுக் காத்திருப்பு இல்லாமல் கல்லூரி மாறலாம் என்று விதி தளர்ந்தது, 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. அதன்பிறகு பள்ளி மாணவர்களின் நிலை இன்னும் இறுக்கமாகிவிட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஈராண்டு பயிற்சி கொடுத்து வளர்ப்பதைவிட, இருபத்திரண்டு வயதில் கல்லூரி ஆட்டம் தெரிந்தவரைப் போர்ட்டலில் எடுப்பது பயிற்சியாளருக்கு எளிது. 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கு உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கைக்கான பழைய வரம்பு போய், அணிக்கு 15 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பதினைந்து இடங்கள், அவற்றில் பல போர்ட்டலுக்கு. அப்படிப்பட்ட பட்டியலில் ஒரே ஒருவரின் ஆதரவில் நிற்கும் பெயர்தான் முதலில் அழிகிறது.

விதிகளும் உதவியாளரின் விலகலைப் பொருட்படுத்துவதில்லை. ஏற்கெனவே கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு, தலைமைப் பயிற்சியாளர் மாறினால் போர்ட்டலில் நுழையத் தனி அவகாசம் உண்டு. உதவியாளர் மாறினால் கிடையாது. 1964 முதல் நடைமுறையில் இருந்த தேசியச் சேர்க்கைக் கடிதம், "நான் கல்லூரியோடு ஒப்பந்தம் செய்கிறேன், பயிற்சியாளரோடு அல்ல" என்ற பொருள்பட வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கடிதத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தம்தான் ஆவணம். அது கைக்கு வரும்வரை உங்களிடம் இருப்பது ஒரு மனிதரின் நல்லெண்ணம் மட்டுமே.

ஆகவே, ஆஃபர் வந்த நாளிலேயே நான் பெற்றோரிடம் கேட்கச் சொல்வது இது: "தலைமைப் பயிற்சியாளர் எங்கள் பிள்ளையின் ஆட்டத்தை நேரில் பார்த்திருக்கிறாரா? இதை அவர் வாயால் கேட்க முடியுமா?" நல்ல கல்லூரி இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். கல்லூரிக்குச் செல்லும்போது தலைமைப் பயிற்சியாளரின் அறையில் உட்கார்ந்து பேசுங்கள், மற்ற உதவியாளர்களின் பெயரும் எண்ணும் வாங்குங்கள், உடல்திறன் பயிற்சியாளரோடும் கல்வி ஆலோசகரோடும் பிள்ளையைப் பேசவிடுங்கள். அங்கே பிள்ளையின் பெயர் தெரிந்தவர்கள் மூவராவது இருக்க வேண்டும்.

விலகல் செய்தி வந்தால் ஓரிரு நாளுக்குள் பிள்ளையே தலைமைப் பயிற்சியாளரை அழைக்க வேண்டும். அப்பா அல்ல, அம்மா அல்ல, ஆலோசகரும் அல்ல. "நான் இன்னும் வர விரும்புகிறேன். எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கட்டும். பதினேழு வயதில் அப்படிக் கேட்பது கடினம். வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், முன்பு ஆர்வம் காட்டிய மற்ற கல்லூரிகளுக்கு அன்றே எழுதத் தொடங்குங்கள். விலகிய உதவியாளரிடமும் வருத்தம் வேண்டாம். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் புதிய இடத்திலிருந்து கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அங்கும் முதல் கேள்வி அதேதான்: புதிய தலைமைப் பயிற்சியாளர் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாரா?

படிப்பு பக்கத்தை விட்டுவிடக் கூடாது. டிவிஷன் ஒன்று தகுதிக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 மதிப்பெண் சராசரியும் வேண்டும். இவை சரியாக இருக்கும் பிள்ளை ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டலாம். பன்னிரண்டாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் ஆஃபர் இருக்கிறதே என்று சாதாரண விண்ணப்பங்களை அனுப்பாமல் விடுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூடைப்பந்தே இல்லாவிட்டாலும் பிள்ளை படிக்க விரும்பும் கல்லூரிகளுக்கு, கெடுவுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் விரும்பும் ஐவி லீக் கல்லூரிகளுக்கும், டிவிஷன் மூன்று கல்லூரிகளுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது. அங்கே பயிற்சியாளரால் தர முடிவது சேர்க்கை அலுவலகத்திடம் உங்கள் பிள்ளைக்காகச் சொல்லும் ஆதரவுச் சொல் மட்டும்தான். அப்படி ஆதரிக்கப்படுபவர்களின் பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று சொன்ன உதவியாளர் ஆகஸ்டில் விலகிவிட்டால், பெயர் இன்னும் இருக்கிறதா என்பதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் செப்டம்பரிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஐவி கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்கள் அக்டோபரிலிருந்து 'லைக்லி லெட்டர்' எனப்படும், இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கடிதங்களை அனுப்பத் தொடங்கும். அது வருமா, எப்போது வரும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வராது என்று தெரிந்தால் நவம்பர் முதல் தேதி முன்கூட்டிய விண்ணப்பத்தை வேறு எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க இன்னும் சில வாரங்கள் கையில் இருக்கும்.