தலைக்காயத்துக்குப் பின் வகுப்பறை

தலையில் பலத்த அடிபட்ட குழந்தை மறுபடி நடந்து, பேசத் தொடங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதாகவே வீட்டார் எண்ணுகிறார்கள். ஆனால் மூளைக்காயத்தின் முழு விளைவு பல குழந்தைகளிடம் சில ஆண்டுகள் கழித்தே, அதுவும் பெரும்பாலும் பள்ளியில்தான், தெரியவருகிறது.

வேகமாகச் செல்லும் தலை சட்டென நிற்கும்போது மூளைத் திசு உள்ளே முறுக்குண்டு, தொலைவிலுள்ள பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன, சி.டி. ஸ்கேனில் இது பல நேரம் தெரிவதில்லை. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலும் எளிதில் காயப்படுகிறது. திட்டமிடுதல், கவனத்தைக் குவித்தல், அவசரத்தை அடக்குதல் ஆகியவற்றுக்கு மிகவும் தேவையான இந்தப் பகுதி ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், 5 வயதில் பட்ட காயத்தின் குறை, பாடச்சுமை கூடும் 11, 12 வயதில்தான் வெளிப்படக்கூடும்.

இளம் மூளை எளிதில் மீண்டுவிடும் என்ற நம்பிக்கை, 1930களில் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளையொட்டிப் பரவியது. மூளையெங்கும் பரவிய கடுமையான காயத்துக்கு அது பொருந்துவதில்லை. இன்னும் கற்காத திறன்களையெல்லாம் காயப்பட்ட மூளையைக் கொண்டே கற்கவேண்டியிருப்பதால், மிகச் சிறு வயதில் அடிபட்டவர்களே அதிகம் பின்தங்குகிறார்கள்.

"நோட்டை எடுத்து, 42ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கைப் போட்டுவிட்டு, வீட்டுப்பாடத்தை மேசைமேல் வையுங்கள்" என்று ஆசிரியர் சொல்கிறார். அந்தக் குழந்தை நோட்டைத் திறந்ததோடு நின்றுவிடுகிறது. எஞ்சியவை மனத்தில் தங்கவில்லை. காயத்துக்கு முன் கற்ற வாய்ப்பாடு தடையின்றி வருவதால், புதிய பாடம் ஏறாததைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதிகளில் இதைவிடக் கொடியது எனக்குத் தெரியவில்லை. எளிதில் வரும் களைப்பும் தலைவலியும் பிற்பகல் வகுப்புகளை இன்னும் கடினமாக்குகின்றன.

உதவி எளியதுதான்: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, பலகையில் எழுதிய குறிப்பு, தேர்வுக்குக் கூடுதல் நேரம், இடையிடையே ஓய்வு, முதலில் அரைநாள் பள்ளி. வீட்டுச் சூழலும் மீட்சியைப் பெரிதும் தீர்மானிப்பதால் பெற்றோருக்கும் பயிற்சி தேவை. அமெரிக்கா 1990இலேயே மூளைக்காயத்தைச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் தனிப் பிரிவாகச் சேர்த்தது. காயம் பற்றிய குறிப்பு பள்ளிப் பதிவேட்டில் குழந்தையோடு வகுப்புதோறும் தொடரவேண்டும். நடுநிலைப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் மாறும்போது கவனம், நினைவு, சிந்திக்கும் வேகம் ஆகியவற்றை மறுபடி சோதித்துப் பார்க்கவேண்டும்.