பிழைச் செய்தி வராத பிழைகள்

அளவைக் கருவி ஒன்றுக்காக ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இன்றும் பராமரித்து வருகிறேன். கருவியின் டிரைவர் புதிய விண்டோஸில் ஓடாது. யூனிக்ஸ் பாணி நிரல்களின் மூல வரிகளை ஓடும் நிரலாகத் தொகுக்க, அதில் சிக்வின் என்ற கருவித் தொகுதியை நிறுவியிருக்கிறேன்.

ஒருமுறை, அளவுகளைப் படிக்கும் நிரலில் தவறாக இருந்த ஒரு கழித்தல் குறியை நீக்கிவிட்டு, மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி தொகுக்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. நிரலை ஓட்டினால் அதே தவறான எண். அரை நாள் என் கணக்கையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கோப்புகளின் தேதிகளைப் பட்டியலிட்ட பிறகுதான் விளங்கியது: சற்றுமுன் சேமித்த கோப்பில் 2002 ஜனவரி என்று இருந்தது. மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து, மின்சாரம் போய் வந்தபோது கடிகாரம் பின்னால் போய்விட்டிருந்தது.

மேக் கோப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதிய காலத்திலிருந்தே, மூலக் கோப்பு, தொகுத்த கோப்பு இரண்டில் எது பிந்தியது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. என் திருத்தம் அதன் கண்ணுக்குப் பல ஆண்டுப் பழசு, தொடவேயில்லை. கடிகாரத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. கோப்பில் பதிந்த பழைய தேதி அப்படியே இருக்கும். ‘மேக் கிளீன்’ கொடுத்து, தொகுத்தவற்றை அழித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொகுக்க வேண்டும்.

வரி முடிவுச் சிக்கலும் இதே ரகம்தான். யூனிக்ஸும் விண்டோஸும் வரியின் முடிவை வெவ்வேறு விதமாகக் குறிக்கின்றன. யூனிக்ஸ் கோப்பை எக்ஸ்பியின் நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஒரே நீள வரியாகத் தெரியும். பொறுக்காமல் வேர்ட்பேடில் திறந்து சேமிப்பார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடிவிடும். கட்டளைகளை இயக்கும் ஷெல் உடனே முறையிட்டால் நல்ல காலம். அந்த எழுத்து ஒரு பாதைப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டால், நீங்கள் ஒரு கோப்புறையில் தேட, கோப்புகள் வேறொன்றில் போய் உட்கார்ந்திருக்கும். ஸ்கிரிப்டுகளை, அதாவது கட்டளைக் கோப்புகளை, அந்தக் கணினியில் திருத்தவே திருத்தாதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. எக்ஸ்பியை நிறுவும்போது உருவாகும் கணக்குகள் நிர்வாகிக் கணக்குகள். அதில் இருந்தபடி, தொகுப்புக்கு முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டுவது, பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்கு முழுக் கணினியையும் திறந்து விடுவது. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் சிக்கிய சதி நிரல், தொகுக்கும் ஸ்கிரிப்டு வழியாகவே உள்ளே நுழைந்தது. தொகுப்பு எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது. எக்ஸ்பிக்கோ 2014 ஏப்ரல் 8-உடன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன.

ஆகவே மூல நிரல் கோப்புகளைப் புதிய கணினியில் இறக்கி, வெளியீட்டாளர் தந்த சரிபார்ப்பு எண்ணோடு அங்கேயே ஒப்பிடுகிறேன். பிறகே எக்ஸ்பிக்கு எடுத்துச் செல்கிறேன். அங்கே வலைக் கம்பியைக் கழற்றி, அதிகாரம் குறைந்த கணக்கில் நுழைந்து, முதலில் தேதியைப் பார்க்கிறேன்.