தின்றும் பெருக்காத கடற்பஞ்சு

அந்தமான் போய் வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கண்ணாடிப் படகில் போனோம். அடிவரை தெரிகிற தண்ணீர். தெளிந்த கடலில் சத்து கிடையாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அப்படியானால் அத்தனை மீனுக்கும் யார் சோறு போடுவது?"

நியாயமான கேள்வி. கடல் பச்சை பாரித்துக் கிடந்தால் மிதவைப் பாசி நிறைய என்று அர்த்தம். பாசி செழிக்க நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். வெப்பமண்டல நீலக் கடலில் இரண்டும் சொற்பம். அதன் நடுவே பவளப்பாறை மட்டும் தோப்பாக நிற்பது எப்படி என்ற புதிருக்கு டார்வின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பாதி விடை பள்ளியில் படித்ததுதான். பவள உயிரியின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரம், பாசி வெயிலில் சமைக்கும் சர்க்கரை பவளத்துக்குச் சாப்பாடு. சரி. ஆனால் வந்ததையெல்லாம் பவளம் வைத்துக்கொள்வதில்லை. கணிசமான பங்கைச் சளி மாதிரி வெளியே விடுகிறது. அதில் பெரும்பகுதி நீரில் கரைந்துபோகும். டீயில் கரைந்த சர்க்கரையைக் கரண்டியால் அள்ள முடியுமா? மீனுக்கும் நண்டுக்கும் அதே பாடுதான். பாக்டீரியா தின்னும், ஆனால் நிதானமாக. அதற்குள் நீரோட்டம் பாதியை அடித்துக்கொண்டு போய்விடும்.

இங்கேதான் என் செல்லம் வருகிறது: கடற்பஞ்சு. இங்கிலீஷில் ஸ்பாஞ்ச், பாறையில் ஒட்டி வாழும் எளிய விலங்கு.

கரீபியன் கடலில் குரசாவ் என்று ஒரு தீவு. நெதர்லாந்தைச் சேர்ந்த யாஸ்பர் டி ஹூய் குழுவினர் அங்கே பாறை இடுக்குகளில், கல்லில் ஊற்றிய தோசை மாவு போல் மெல்லிசாகப் படர்ந்திருக்கும் கடற்பஞ்சுகளைக் கவனித்தார்கள். ஹாலிசார்கா என்ற இனம் நீரில் கரைந்த அந்தச் சத்தைத் தினமும் தன் எடையில் பாதிக்கு மேல் உள்ளே இழுக்கிறது. அப்படியும் ஒரு சுற்றுப் பெருக்கக் காணோம். 60 கிலோ ஆள் தினம் 30 கிலோ சாப்பிட்டும் அதே சட்டையில் திரிந்தால் சந்தேகம் வராதா?

கொஞ்சம் மூச்சில் எரிகிறது. மீதி எங்கே? கடற்பஞ்சின் உடம்பு முழுக்க நுண்ணிய அறைகள். சுவரில் வரிசையாகக் கழுத்துப்பட்டைச் செல்கள். சாட்டை போன்ற இழையை வீசி வீசி நீரை இழுத்து வடிகட்டுகின்றன. இந்தச் செல்கள் ஆறு மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும் வேகம் கொண்டவை. புதுசு வந்ததும் பழையது உதிர்கிறது. பயன்படுத்திய வடிகட்டியை நாள் முழுக்கக் கழற்றி எறிந்துகொண்டே இருப்பது போல. அடியில் பழுப்பு நிறத் துகள் சேர்கிறது.

பார்த்தால் குப்பை. ஆனால் கரைசலாக இருந்தது இப்போது கடித்துத் தின்னக்கூடிய உருப்படி! நத்தை, நண்டு, புழு எல்லாம் அதை மேய்கின்றன. அவற்றை மீன் பிடிக்கிறது. குழுவினர் கனமான கார்பனும் நைட்ரஜனும் (வழக்கமானதைவிட எடை கூடிய அணுக்கள், எங்கே போனாலும் தனியாக அடையாளம் தெரியும்) சேர்த்த கரைசலை ஊட்டித் தடம் பிடித்தார்கள். அடையாளம் முதலில் பஞ்சில் தெரிந்தது, அப்புறம் அது உதிர்த்த துகளில், அப்புறம் துகளைத் தின்றவற்றின் உடம்பில். 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. எல்லாக் கடற்பஞ்சும் இப்படியில்லை, உண்டதை உடம்பில் போட்டு வளர்கிறவையும் உண்டு.

செவ்வாய்க்குப் பரிகாரமாகப் பவள மோதிரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். (அந்தச் சிவப்புப் பவளத்தில் பேர்போனது மத்தியதரைக் கடல் சரக்கு, பாறை கட்டும் இனமே அல்ல.) இடுக்கில் கிடக்கும் பஞ்சைப் படிக்கப் பணம் கேட்டால் மட்டும் 'இதனால் என்ன பயன்?' என்று படிவத்தில் ஒரு கட்டம் வந்து நிற்கும்.

ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் போனால், வலையில் சிக்கி மணலில் எறியப்பட்ட கடற்பஞ்சு காய்ந்து கிடக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உடம்பெல்லாம் துளை. வெறுங்கையால் மட்டும் வேண்டாம். சிலவற்றின் முட்கள் ராத்திரி முழுக்க அரிக்கும்.